காது கிழிந்த நரி

ஆய்வுக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசல் காவலாளியிலிருந்து மேலதிகாரி வரைக்கும் எல்லாருக்கும் அவள் நரிக்காரிதான். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கேலி தொடங்கிவிடும். "உனக்கென்னம்மா, தினம் நரி முகத்துல முழிக்கிறவ! ஒரு லாட்டரி வாங்கிப் பாரேன்" என்பார் காவலாளி. "செத்த நரி முகம் கணக்குல வராதாம், விசாரிச்சுட்டேன்" என்பாள் அவள். வருஷக்கணக்காக ஓடிய அந்த ஒரே பகடி இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை. மனுஷர்களுக்கு அவ்வளவு போதும் போலிருக்கிறது.

நரிகளின் குடலில் புழு இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. கேட்டால் முகத்தைச் சுளிப்பீர்கள். சுளியுங்கள், அவளுக்குப் பழக்கம்தான். சாலையில் வண்டி மோதிச் செத்தவையும் வேட்டைக்காரர்கள் சுட்டவையும் மூட்டையாக வந்து இறங்கும். இறங்கியவுடன் கத்தியை எடுத்துவிட முடியாது. கூடத்தின் கோடியில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ரீசர் நிற்கிறது. கதவைத் திறந்தால் முகத்தில் அறைகிற குளிர். அதற்குள் நரிகள் பல நாள் கிடக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மேஜைக்கு வரும். குடலை நீளவாக்கில் கிழித்து, சுரண்டி, தண்ணீரில் அலசி, அலசிய வண்டலைத் தட்டில் ஊற்றி லென்ஸின் அடியில் வைத்துப் பார்ப்பாள்.

அவள் தேடுவது ஒரு நாடாப்புழு. நாடா என்றதும் முழம்முழமாக நினைக்காதீர்கள். இது குருணை அரிசி நீளம்கூட வராது. நரியை ஒன்றும் செய்யாது. ஆயிரக்கணக்கில் குடலில் தொங்கிக்கொண்டிருந்தாலும் நரி பாட்டுக்கு எலி பிடித்துத் திரியும். ஆனால் புழுவின் முட்டை நரியின் கழிவில் வந்து, ரோமத்தில் ஒட்டி, அங்கிருந்து மனுஷன் வாய்க்குப் போய்விட்டால் ஈரலில் உட்கார்ந்துகொள்ளும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. வருஷக்கணக்கில் வேர் விட்டுப் பரவும். தெரியவரும்போது டாக்டர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அந்த ஃப்ரீசரின் கடுங்குளிரில் கிடந்தால்தான் முட்டை சாகும், அதற்குத்தான் அவ்வளவு நாள் காத்திருப்பு.

வீட்டில் கீழ்த்தளம் தங்கையின் குடும்பத்துக்கு. மாடி அறை இவளுக்கு. இவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் "என்ன வேலை?" என்ற கேள்விக்கு உண்மையைச் சொன்னதுதான் காரணம் என்று தங்கை இன்றைக்கும் திட்டுவாள். சாப்பாடு எல்லாருக்கும் கீழேதான். "சாப்பிடற நேரத்துல புழுக்கதை எடுத்தே, தட்டைப் பிடுங்கிடுவேன்" என்று தங்கை அதட்டுவாள். ஆனால் தங்கையின் புருஷன், பஸ் ஓட்டுகிறவர், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பார். "அப்புறம் என்னாச்சுக்கா? ஃப்ரீசர்ல போட்டா முட்டை செத்துடுமா?" என்று எடுத்துக்கொடுப்பார். உலகத்திலேயே அவள் வேலையைக் கதையாகக் கேட்ட ஒரே ஆள் அந்த மனுஷன்தான். அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை. பெயர் என்னவோ வைத்தார்கள், கூப்பிட்டதெல்லாம் வாண்டு. வாண்டுக்கு அப்போதுதான் ஓட்டமும் பேச்சும் ஒன்றாக வந்திருந்தது. "பெரிம்மா, தூக்கு" என்பதுதான் அதன் முதல் முழு வாக்கியம். அதைச் சொல்லிக்கொண்டு இவள் ஆய்வுக்கூடம் முழுக்கப் பெருமையடித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. வீட்டுக்குப் பின்னால் தோட்டம். தோட்டத்து வேலிக்கு அப்பால் புதர்க்காடு. தங்கை துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வாண்டு வேலியோரம் குந்தி உட்கார்ந்து எதையோ மும்முரமாக மென்றுகொண்டிருந்தது. மண்ணாக இருக்கும் என்று நினைத்து வாயில் விரலை விட்டுத் தோண்டி எடுத்தாள் தங்கை. கறுப்பாக, முறுக்கி விட்டதுபோல, நடுவில் எலி ரோமம்.

"அக்கா!" என்று அவள் போட்ட கூச்சலில் இவள் மாடிப்படியில் பாதியை மிதிக்காமலே இறங்கினாள். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. வேலை நாளெல்லாம் பார்க்கிற பொருள் தெரியாமல் போகுமா?  குழந்தையின் வாயைத் திரும்பத் திரும்பக் கழுவினாள், நாக்கைத் துடைத்தாள், நகத்தைத் துடைத்தாள். வாண்டு வீறிட்டு அழுதது. தங்கை பயத்தில் கையிலிருந்ததையெல்லாம் குழாயடியில் கொட்டி அலசிவிட்டிருந்தாள். வேலியோரம் மிச்சம் கிடந்தது நகக்கண் அளவு. அதைத் துடைத்து எடுத்து ஒரு டப்பியில் மூடினாள்.

"நரியோடதா?" என்றாள் தங்கை.

"ஆமா."

"ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுக்கா."

சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். இந்தப் பாழாய்ப்போன வேலையில் அந்த ஒரு பொய் மட்டும் நாக்கில் வரமாட்டேன் என்கிறது. "பார்த்துடலாம், இரு" என்றாள். தங்கையின் முகம் அப்படியே வெளுத்துப்போயிற்று.

எந்த நரி என்பதில் சந்தேகம் இல்லை. இடது காது நுனி கிழிந்த நரி ஒன்று கொஞ்ச நாளாக அந்த வேலியோரமாகவே நடமாடிக்கொண்டிருந்தது. வாண்டு அதை "நாய்" என்று கூப்பிட்டுக் கையாட்டும்.

மறுநாள் டப்பியோடு மேலதிகாரி முன்னால் நின்றாள். "இதை இன்னைக்கே பார்க்கணும் சார். ஃப்ரீசர்ல வைக்காம பார்க்கணும். என் தங்கச்சி குழந்தை."

அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உள்ளே உன்கூட வேலை செய்யறவங்களுக்கும் குழந்தைங்க இருக்கும்மா. நீயே எத்தனை பேருக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுத்திருக்கே?" அவள் டப்பியை ஃப்ரீசரில் வைத்தாள். அந்த நாள்கள் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் எடுத்துப் பார்த்தபோது லென்ஸில் ஒன்றும் தெரியவில்லை. மற்ற சோதனைகளுக்கு அந்தத் துளி போதவில்லை.

தங்கை அதைக் கேட்டுக் குழந்தையைத் தூக்கிச் சுற்றினாள். "அதான் இல்லைன்னு ஆயிடுச்சே!"

"அதுல இல்லை. அவ்வளவுதான் தெரியும்" என்றாள் இவள். "நரி போடற எல்லாத்துலயும் முட்டை இருக்காது. ஒண்ணை வச்சுச் சொல்ல முடியாது."

"சந்தோஷமா இருக்க விடேன்க்கா ஒரு நிமிஷம்!" தங்கை குழந்தையை இறக்கிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சந்தோஷமாக இருக்க விட்டிருக்கலாம்தான். ஆனால் இவளுக்குத் தெரிந்தது இவளை விடவில்லை. நரியின் குடலைப் பார்த்தால் மட்டும்தான் சந்தேகம் தீரும். அந்தக் காது கிழிந்த நரி வேண்டும்.

ஆய்வுக்கூடத்துக்கு நரி கொண்டுவருகிற வேட்டைக்காரர் ஒருவரிடம் போய்க் கெஞ்சினாள். அவர் முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு வந்து வேலியோரம் உட்கார்ந்தார். பஸ்காரரும் லீவு போட்டுவிட்டுக் கூடவே உட்கார்ந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் நரி வரவில்லை. அதுவரைக்கும் தினம் வந்து நின்ற சனியன், தேடும்போது மட்டும் எங்கே போய்த் தொலைந்ததோ! ஒரு நாள் வேறு ஒரு நரி வந்தது, காது முழுசாக. "விட்டுடுங்க, இது இல்லை" என்றாராம் பஸ்காரர். அன்றைக்கு மதியம் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார்.

நரி விழுந்த காலையில் இவள் வெளியூரில் இருந்தாள், நரி மூட்டைகளை வாங்கிவர அனுப்பியிருந்தார்கள். போன் வந்தது.

"அக்கா, கிடைச்சுடுச்சு! அதே காது! வேட்டைக்காரர் வேற வேலைன்னு போயிட்டார். நான் உங்களுக்காகப் பாதி வேலையை முடிச்சு வச்சிருக்கேன்."

"என்ன வேலை, மாப்பிள்ளை?"

"ஃப்ரீசர்ல போட்டுட்டேன். நீங்க வர்றதுக்குள்ள முட்டையெல்லாம் செத்துடும். வந்ததும் நேரா பார்த்துடலாம், காத்திருக்க வேண்டாம்."

"எந்த ஃப்ரீசர்?"

"நம்ம வீட்டு ஃப்ரீசர்தான்."

 வீட்டு ஃப்ரீசரின் குளிரில் அந்த முட்டை சாகாது. மாசக்கணக்கில் பத்திரமாக இருக்கும். அந்த ஃப்ரீசரில்தான் வாண்டுக்கு மசித்து வைத்த பழமும் பாலும் ஐஸும் இருக்கின்றன. இத்தனை வருஷம் சாப்பாட்டு மேஜையில் கதை சொன்னாளே, குளிர் குளிர் என்று சொன்னாளே, எந்தக் குளிர் என்று ஒரு தடவையாவது சொன்னாளா? அவளுக்கு அது மூச்சு விடுகிறமாதிரி தெரிந்த விஷயம். மற்றவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"அதைத் திறக்காதீங்க! யாரும் அந்தப் பக்கம் போகாதீங்க!" என்று போனில் கத்தியதில் அங்கே இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து முகமூடி, கையுறை, மேலங்கி எல்லாம் மாட்டிக்கொண்டு ஃப்ரீசரைத் திறந்தாள். கறுப்புக் குப்பைப்பையில் நரி. பை கிழிந்து வால் வெளியே வந்து, பழக்கிண்ணத்தின் மேல் கிடந்தது. நரியை எடுத்து ஆய்வுக்கூட வண்டியில் ஏற்றிவிட்டு வந்து அவள் ஆடிய ஆட்டம் அந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும். "மூளை இருக்கா உங்களுக்கு? குழந்தை சாப்பிடற இடத்துல கொண்டுபோய் வச்சிருக்கீங்களே! அரைகுறையாக் கேட்டுட்டு எதுக்கு இந்த வேலை?" டப்பா டப்பாவாக எடுத்து வீசினாள். தங்கை ஒரு பக்கம் அழுதாள். பஸ்காரர் சுவரோரம் நின்றார்.  "தப்புதான்க்கா" என்று மட்டும் சொன்னார். பிறகு தானே பானை பானையாகத் தண்ணீர் கொதிக்க வைத்து ஃப்ரீசருக்குள் ஊற்றி ஊற்றித் தேய்த்தார். அப்படியும் மனசு கேட்காமல் அதை வெளியே தள்ளிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

நரி பெரிய ஃப்ரீசரில் தன் நாள்களை முடித்து மேஜைக்கு வந்தது. இவளே கிழிப்பேன் என்று அடம்பிடித்தாள். மேலதிகாரி பக்கத்தில் நின்றார். முதல் தட்டிலேயே புழு. வெள்ளை வெள்ளையாக, எண்ணி மாளாது. இடுப்பு ஒடிந்ததுபோல் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இரு. கடைசிக் கணுவைப் பாரு" என்றார் அவர்.

அது அவளுக்கும் தெரியும், பயத்தில் மறந்திருந்தாள். புழு முற்றினால்தான் அதன் உடம்பின் கடைசிக் கணுவில் முட்டை நிறையும். இளம்புழு என்றால் முட்டை இருக்காது. முட்டை இல்லை என்றால் இந்த நரி போட்டதில் ஒன்றும் இருந்திருக்க முடியாது. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். காலி. அடுத்ததும் காலி. இளசு, எல்லாம் இளசு. ஒரு தட்டு முழுக்கக் காலி. அவள் வாய்க்குள்ளேயே யாரையோ கும்பிட்டுக்கொண்டிருந்தாள், யாரை என்று அவளுக்கே தெரியாது. இரண்டாவது தட்டும் அப்படியே. "போதுமே" என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. போன் எடுத்து, "ஒண்ணுமில்லைடி" என்று சொல்லிவிடலாம். கை மூன்றாவது தட்டை இழுத்தது.

அதன் ஓரத்தில் முற்றிய புழுக்கள் ஒரு கொத்தாகக் கிடந்தன. கடைசிக் கணு உப்பி, உள்ளே முட்டை மணி மணியாக. நரி இரண்டு தடவை புழு வாங்கியிருக்கிறது, பழசும் புதுசுமாக. மேலதிகாரி லென்ஸைக் குனிந்து பார்த்துவிட்டு அவள் தோளில் கை வைத்தார். அவள் தட்டைச் சரியாக மூடி, கையுறையைக் கழற்றி, கையைக் கழுவிவிட்டு, அதற்கப்புறம்தான் அழுதாள்.

வீட்டில் சொன்னபோது தங்கை அழவில்லை. "நீ இந்த வேலைக்குப் போகாம இருந்தா எங்களுக்கு இதெல்லாம் தெரியாமலே போயிருக்கும்" என்றாள்.  இவள் மாடிக்குப் போனாள். அன்றிலிருந்து தங்கை அவளிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தட்டில் சோறு வைப்பாள், "போதுமா?" என்பாள். அவ்வளவுதான்.

டாக்டரும் கையை விரித்தார். வாயில் போட்டதற்காக மருந்து கொடுக்க முடியாது, முட்டை ஒட்டிக்கொண்டதா இல்லையா என்று இரத்தம்தான் சொல்ல வேண்டும், அதுவும் உடனே சொல்லாது, வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். காத்திருப்பதைவிடக் கொடுமை இருக்கிறதா சொல்லுங்கள்! வாண்டுக்கு வயிறு வலித்தால் வீடு நடுங்கும். ஒரு வேளை சாப்பிடவில்லை என்றால் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பார்கள். இவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வலது விலாவுக்குக் கீழே மெல்ல அழுத்திப் பார்ப்பாள். பெரிம்மா கிச்சுகிச்சு மூட்டுகிறாள் என்று நினைத்து வாண்டு விழுந்து விழுந்து சிரிக்கும். முதல் வருஷம் இரத்தத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவது வருஷமும் ஒன்றுமில்லை. அப்போதும் யாருக்கும் மூச்சு முழுசாக வெளியே வரவில்லை.

மூன்றாவது வருஷம் ஆஸ்பத்திரியில் புதுசாக ஒரு டாக்டரம்மா. பழைய காகிதங்களையெல்லாம் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"வீட்ல மத்தவங்களுக்கும் எடுத்தீங்களா?"

"எனக்கு ஆய்வுக்கூடத்துல வருஷா வருஷம் எடுப்பாங்க. ஒண்ணுமில்லை" என்றாள் இவள்.

"இவங்களுக்கு?"

தங்கையும் புருஷனும் பக்கத்தில் நின்றார்கள். யாருக்கும் தோன்றவில்லை. குழந்தை, குழந்தை என்று மூன்று வருஷம் ஓடியதில் வேறு யாருக்கும் ஈரல் இருப்பதே நினைவில்லை. "எடுத்துடலாமே, ஒரு ஊசிதானே" என்றார் டாக்டரம்மா. பஸ்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "பாரு, அப்பா அழலை" என்று வாண்டுக்கு வேடிக்கை காட்டினார்.

முடிவு வாங்கப் போன அன்றைக்கு நால்வருமே போனார்கள். "குழந்தை சுத்தமா இருக்கா. இந்த மூணு வருஷமும் பார்த்துட்டு நான் தைரியமாச் சொல்றேன்" என்றார் டாக்டரம்மா. தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம், அத்தனை காலத்துக்கும் பிறகு, அக்காவின் கையைப் பிடித்து இறுக்கினாள்.  இவள் சிரிப்பும் அழுகையுமாக வாண்டைத் தூக்கி உச்சிமுகர்ந்தாள்.

"நீங்க கொஞ்சம் உட்காருங்க" என்றார் டாக்டரம்மா. பஸ்காரரைப் பார்த்துச் சொன்னார்.

அவருடைய இரத்தத்தில் இருந்தது. அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் ஒரு பொட்டு. சின்னதாகத்தான் இருக்கிறது, அறுத்து எடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும், முடியாவிட்டால் மாத்திரை உண்டு, ஆனால் அதை நிறுத்தவே முடியாது, ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும் என்று டாக்டரம்மா நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். தங்கை எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். "குழந்தைக்கு இல்லைதானே டாக்டர்? அது நிச்சயம்தானே?"

"நிச்சயம்."

"அப்போ சரி" என்றார்.

வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வாண்டு அப்பாவின் மடியில் ஏறிக்கொண்டது. நரிக்காரிக்குக் கண் முன்னால் ஓடியது அந்தப் பழைய நாள்தான். வீட்டுக்குள் வந்து ஃப்ரீசரில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் எடுத்துப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள். தொண்டை கிழியத் திட்டினாள். நரியை ஃப்ரீசர் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்த ஆளிடம் ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் யார் எதைத் தொட்டாலும் அவள் வாயில் முதலில் வருகிற கேள்வி அது.

இப்போது கேட்டாள்.  "மாப்பிள்ளை, அன்னைக்கு நரியைத் தூக்கிட்டு வந்தப்புறம் கையை எப்போ கழுவினீங்க?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "நாலஞ்சு நாளா வெறும் வயித்தோட உட்கார்ந்திருந்தேனாக்கா, நரி கிடைச்ச சந்தோஷத்துல பசி தாங்கலை. மேஜையில பிரெட் இருந்துச்சு. அதைச் சாப்பிட்டுட்டே உங்களுக்கு போன் பண்ணேன். நீங்க கத்தினதுக்கப்புறம்தான் கழுவினேன்."